ஏணை முடிச்சில் செம்மின்னி

தேசூர்
3-2-1980

திரு. ராஜவேலு அவர்களுக்கு,

மணவாளன் எழுதுவது. நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறானே என்று வேறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே ஒரு விவரம் வேண்டும். உங்களுக்கு மறந்திருக்கலாம் என்பதால் முழுதாகவே எழுதுகிறேன்.

'கதைக்கொடி' மாத இதழில் செம்மின்னி என்ற வாளைப் பற்றித் தொடர்கதை வந்தது. நீங்கள் தறியில் நெய்ய, நான் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, நாற்பது மாதம் படித்தோம். அந்த வாள் திருடியவன் கையில் மொக்கையாகிவிடும். கொடுத்து வாங்கியவர் கையில்தான் வெட்டும். கொள்ளைக்காரன், ஏழூற்று ராஜா, கப்பல்காரன் எல்லோர் கையிலும் மொக்கை. குருட்டுச் சமையல்காரன் ஒருவனுக்கு மட்டும் பூசணிக்காய் வெட்டிக் கொடுத்தது. வாளின் முதல் சொந்தக்காரர் யார் என்பதை நாற்பத்தோராவது அத்தியாயத்தில் சொல்வதாக அறிவித்திருந்தார்கள்.

அந்தக் கடைசி இதழ் வந்த அன்றுதான் எனக்கு இங்கே ஆசிரியர் வேலைக்கு உத்தரவும் வந்தது. ஒருவர் இல்லாமல் ஒருவர் படிப்பதில்லை என்பது நமக்குள் சத்தியம். ஆகவே பொங்கலுக்கு வந்து சேர்ந்து படிக்கலாம் என்று உங்கள் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். பொங்கலுக்கு வந்தபோது இதழ் இல்லை. பிறகு நடந்தது இருவருக்கும் தெரியும்.

இன்னொரு சத்தியமும் உண்டு. என் முதல் பிள்ளைக்கு அந்த முதல் சொந்தக்காரர் பேரைத்தான் வைப்பேன் என்று உங்கள் தறியைத் தொட்டுச் சொன்னேன். மகளுக்கு இந்த மாதம் ஐந்து முடிகிறது. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ரிஜிஸ்டரில் பேர் எழுதுகிற வாத்தியார் வீட்டில் ஒரு பேர் இல்லை. என் மனைவி சாவித்திரி ஜூன் முதல் தேதி வரை தவணை கொடுத்திருக்கிறாள். தவறினால் அவளுடைய அத்தை பேரை வைத்துவிடுவாளாம். அந்த அத்தையை நான் பார்த்திருக்கிறேன்.

இதழ் அப்போதே நின்றுபோனது. சென்னை விலாசத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பேர் உங்களுக்குத் தெரியுமானால் எழுதவும். பதில் கார்டு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மணவாளன்


ஆரணி
11-2-1980

உயர்திரு மணவாளன் வாத்தியார் அவர்கள் சமூகத்துக்கு,

ராஜவேலு எழுதிக்கொண்டது. உங்கள் பதில் கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஐந்து வருஷத்தை ஒரு கார்டில் எழுத எனக்குக் கை வராது.

அந்தப் பேர் எனக்குத் தெரியாது. நான் படிக்கவில்லை. சத்தியம் உங்களுக்கு மட்டும்தானா? எடைக்குப் போட்டுவிட்டேன் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு கத்தினீர்களே தவிர, நடந்ததை யார் கேட்டார்கள்? இப்போது கேளுங்கள்.

ஐப்பசி அடைமழை. எலுமிச்சை நிறத்துக்கு அரக்குக் கரை போட்ட சேலையை அப்போதுதான் தறியிலிருந்து அறுத்திருந்தேன். கோந்துத் தண்ணி தெளித்தது காயவில்லை. கடை ஆள் வாசலில் நின்று ஜல்தி ஜல்தி என்கிறான். ஜரிகையோடு ஜரிகை ஒட்டாமல் இருக்க மடிப்புக்குள் வெள்ளைத் தாள் வைப்போம். கூரை ஒழுகி அந்தத் தாளெல்லாம் கூழாகிக் கிடந்தது. முனியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நான் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள், பரண்மேல் இருந்த புத்தகத்தைக் கிழித்து மடிப்புக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் அவள் காதுபட என்ன சொன்னீர்கள்? "எழுத்து வாசனை இல்லாததைக் கட்டிகினு வந்தா இதான் கதி." அதற்குத்தான் இந்த வாசப்படியை மிதிக்காதே என்றேன். வாளுக்காக இல்லை.

அந்தச் சேலையும் உருப்படவில்லை. ஈரத்தில் தாளின் மை முழுக்கப் பட்டில் ஏறிவிட்டது. கடை முதலாளி தங்கவேலு கூப்பிட்டனுப்பி, "ஏம்பா, சேலை நெய்யச் சொன்னா கதை எழுதிகினு வந்திருக்கியே" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்.

வாத்தியார் பெண்ணுக்குப் பேர் இல்லை என்று படித்ததும் நன்றாகச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மனசு கஷ்டப்பட்டது. அதையும் மறைப்பானேன்.

இப்படிக்கு,
ராஜவேலு


தேசூர்
16-2-1980

ராஜவேலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை. நேற்று மூன்றாம் வாய்ப்பாட்டை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

மை பட்டில் ஏறிவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதிய கையோடு அதை யோசிக்க மாட்டாயா? தாள் போனால் என்ன, கடைசி அத்தியாயம் சேலையில் அல்லவா இருக்கிறது. எழுத்து இடம் வலம் மாறி விழுந்திருக்கும், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தால் தீர்ந்தது. உலகத்தில் அந்த அத்தியாயத்துக்கு மிஞ்சியிருக்கிற ஒரே பிரதி நீ நெய்ததுதான்.

பட்டுக்குச் சோப்புப் போட மாட்டார்கள். அதனால் இன்னும் அழிந்திருக்காது. தங்கவேலு முதலாளி அதை யாருக்குக் கொடுத்தார் என்று விசாரி. உன் காலில் விழுகிறேன் என்று எழுத மாட்டேன். விழுந்ததாக வைத்துக்கொள்.

தங்கச்சி முனியம்மாள் விஷயமாக நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. பிறகு எழுதுகிறேன்.

மணவாளன்


ஆரணி
10-3-1980

மணவாளனுக்கு,

உனக்காக இல்லை, பாப்பாவுக்காக அலைந்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தங்கவேலு முதலாளிக்கு மறதியே கிடையாது. பழுதான சேலை என்பதால் விலை குறைத்துக் கண்ணமங்கலத்துப் பூக்கடைக் குடும்பத்துக்குக் கொடுத்தாராம். "கறை கொசுவத்துக்குள்ள போயிடும், மாப்ள வூட்டுக்காரன் குனிஞ்சா பாக்கப் போறான்னு சொல்லித்தான் வித்தேன்" என்றார். பெண்ணின் பேர் காசியம்மாள். அதைக் கட்டிக்கொண்டுதான் அவளுக்குத் தாலி ஏறியிருக்கிறது.

முனியம்மாளின் கண்ணாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். காசியம்மாள் நல்ல பெண். நான்தான் அந்தச் சேலை நெய்தவன் என்றதும் மோர் கொடுத்து உட்காரச் சொன்னாள். "சேலையா? அதோ தொங்குதே பாருங்க" என்றாள். மோட்டு வளையில் கயிறு போட்டு அந்தச் சேலையில் ஏணை கட்டியிருந்தது. உள்ளே நாலு மாதப் பிள்ளை தூங்குகிறான். முகூர்த்தப் புடவையில் போட்டால் பிள்ளை பயப்படாமல் தூங்குவானாம்.

எழுப்ப முடியுமா? மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பூக்கட்டவும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பிள்ளை எழுந்து அழுததும் அவனைத் தூக்கிக்கொண்டு, "இப்ப பாத்துக்கோங்க" என்றாள். ஏணையின் உள்பக்கம் விரித்துப் பார்த்தேன். மணவாளா, இருக்கிறது. சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாக முழுப் பக்கமும் இருக்கிறது. கண்ணாடியைப் பிடித்தேன். 'நாற்பத்தோராவது அத்தியாயம்' என்று தலைப்புத் தெரிந்தது.

உடனே கண்ணாடியைத் திருப்பிவிட்டேன்.

ஒருவர் இல்லாமல் ஒருவர் படிப்பதில்லை. நாற்பது அத்தியாயம் காத்த சத்தியத்தை நாற்பத்தொன்றில் எப்படி விடுவது? "என்னங்க, இம்மா நேரம் காத்துகினு இருந்துட்டு கண்ண மூடிக்கிறீங்க?" என்று காசியம்மாள் கேட்டாள். சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நீ வா. சேர்ந்து படிப்போம்.

ராஜவேலு


தேசூர்
14-3-1980
(தபால் கார்டு)

அட பைத்தியக்காரா, கையில் வந்ததைப் படிக்காமல் திரும்பி வந்தாயா? ஜூனுக்கு எத்தனை நாள் இருக்கிறது? நான் விடுவிக்கிறேன், சத்தியம் ரத்து. அடுத்த பஸ் ஏறிப் போய்ப் படித்து எழுது. நான் உன் வீட்டுக்கு வர மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

மணவாளன்


ஆரணி
20-3-1980

மணவாளனுக்கு,

நீ ஒருவன் ரத்து செய்தால் ஆயிற்றா? சத்தியத்தில் நானும் பாதிப் பங்கு. முடியாது.

உன் கார்டு வந்தபோது நான் தறியில் இருந்தேன். முனியம்மாள்தான் தபால்காரரிடம் வாங்கினாள். கார்டு என்பதால் நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துவிட்டாள். ஆமாம், படித்தாள். அவள் பெரிய படிப்பாளி இல்லை, ஆனாலும் படவேட்டுப் பக்கத்தில் எட்டாவது வரை படித்தவள். நீ அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னும் கேள். கார்டைப் படித்துவிட்டு என்னிடம் வந்து சொல்கிறாள்: "அந்தப் பேருக்கா ரெண்டு பேரும் இம்மா பேஜார் பண்றீங்க? கிழிக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சேனே. வாளு யாருதுன்னு எனக்குத் தெரியும்."

என் கையிலிருந்த தறி நாடா ஊடை நூலோடு கீழே விழுந்துவிட்டது. "அப்ப ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன். "எழுத்து வாசனை இல்லாதவ கிட்ட யாரு கேட்டீங்க?" என்றாள். ஐந்து வருஷமாக அதை மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள்.

சொல்ல வாயெடுத்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். நீயில்லாமல் அவள் வாயால் கேட்பதும் படித்த கணக்குத்தான். இனி உன் பாடு. என் வாசப்படிக்கு வர உனக்கு மானம் தடுத்தால் கண்ணமங்கலத்துக்கு வா. அது யாருக்கும் சொந்தமில்லாத ஊர்.

ராஜவேலு


தேசூர்
2-4-1980

வேலு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதுவும் கிழியாமல் இருந்தால் உன் கைக்கு வரும்.

எட்டாவது படித்த தங்கச்சியைப் பார்த்து அப்படிப் பேசினேன். அவள் ஓர் எழுத்துக்கூடப் படிக்காதவளாக இருந்திருந்தாலும் அது பேசக்கூடாத பேச்சு. நான் தினமும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறவன். சாயங்காலம் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னைக் கும்பிடும்போதெல்லாம் அந்த வார்த்தை தொண்டையில் வந்து நிற்கிறது. நீ கதவைக் காட்டியது சரி. நீ காட்டவில்லை என்றால் உன்மேல் எனக்கு மரியாதை போயிருக்கும். இதைத் தங்கச்சியிடம் நீ சொல்ல வேண்டாம், நானே நேரில் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சத்தியம் சத்தியம் என்கிறாயே, அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அதை முதலில் உடைத்தவன் நான். குருட்டுச் சமையல்காரன் சாகிற அத்தியாயம் ஞாபகம் இருக்கிறதா? அந்த இதழ் தபாலில் வந்ததும் பொறுக்க முடியாமல் வழியிலேயே கோட்டை மைதானத்தில் உட்கார்ந்து படித்துவிட்டேன். பிறகு ஒன்றும் தெரியாதவன் மாதிரி உன் தறிக்கு வந்து முதல் வரியிலிருந்து படித்தேன். நாற்பது அத்தியாயம் காத்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் காத்தது முப்பத்தொன்பதுதான்.

இதைப் படித்த பிறகும் நீ கண்ணமங்கலத்துக்கு வருவதாக இருந்தால், இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். ஆரணியில்தான் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டு உன் வாசப்படி ஆகாது என்று நினைக்கிறேன்.

மணவாளன்


ஆரணி
8-4-1980

மணவாளா,

அது எனக்கு அன்றைக்கே தெரியும். சமையல்காரன் மூன்றாம் பக்கத்தில்தான் சாகிறான். நீ முதல் பக்கத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாய். அவன் அப்போது உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். வெங்காயத்துக்காக அழுகிறான் போலிருக்கிறது என்று நானும் பேசாமல் நெய்தேன்.

இருபதாம் தேதி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். சாவித்திரியையும் பாப்பாவையும் கூட்டி வா. முனியம்மாளும் வருகிறாள். கண்ணாடி அவளுடையது, இரவல் கொடுக்க மாட்டாளாம்.

வேலு


தேசூர்
3-6-1980

அன்பு வேலு,

நேற்றுப் பாப்பாவைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. தலைமை ஆசிரியர் அய்யாக்கண்ணு பேனாவைத் திறந்து, "இந்த வருஷமாவது பேர் உண்டா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே மேசை அதிரச் சொன்னாள். ரிஜிஸ்டரில் எழுதி மை காயும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்த உனக்கு நான் எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதி வைக்க ஆசையாக இருக்கிறது. அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் பாதியைக் கவனித்திருக்க மாட்டாய்.

தங்கச்சி கண்ணாடியைப் பிடித்தாள். நீ ஒரு வரி, நான் ஒரு வரியாகப் படித்தோம். காசியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டாள். செம்மின்னி ராஜாக்களுக்காக அடித்த வாளே இல்லை. பஞ்ச காலத்தில் ஒரு பெண் தன் கொல்லையில் கீரை அறுக்க வைத்திருந்த அரிவாள். பசித்து வந்த வழிப்போக்கனுக்குக் கீரை போட்டு, போகிற வழியில் பிழைத்துக்கொள் என்று அரிவாளையும் கொடுத்தாள். அவன் அதை அடித்து நீட்டி வாளாக்கிக்கொண்டான். 'அந்தப் புண்ணியவதியின் பெயர்' என்று நீ படித்தாய். அடுத்த வரி ஏணை முடிச்சுக்குள் போய்விட்டது.

எனக்கு உயிரே போயிற்று. முடிச்சை அவிழ்க்கச் சொல்லி நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. "புள்ள நடக்கற வரைக்கும் ஏணை முடிச்ச அவுக்க மாட்டோங்க. எங்க வூட்டு வழக்கம். ராஜாவே வந்து கேட்டாலும் இதான்" என்று காசியம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் தங்கச்சி பக்கம் திரும்பினேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றும் வாயில் வரவில்லை. "நீ படிச்சவளாச்சே, பேர் என்னம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் மோட்டு வளையைப் பார்த்தாள். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு நிதானமாக, "முனியம்மாள்னு போட்டிருந்திச்சிங்கண்ணா" என்றாள்.

நீ உருண்டு சிரித்ததில் பிள்ளை வீறிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை வேலு. கண்ணில் தண்ணீர் வந்தது, இந்தத் தடவை சரியான பக்கத்தில். அவள் சொன்னது நிஜமா, என்னைத் தண்டித்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். கேட்டேன், கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். என் மகள் முனியம்மாள். "எங்க அத்த பேருக்கு இது எவ்வளவோ தேவல" என்கிறாள் சாவித்திரி.

தன் பேரில் ஒரு வாள் இருப்பதாகப் பாப்பா இன்றைக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறாள். பெரிய பையன்கள் இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்துவிட்டார்களாம்.

மணவாளன்


ஆரணி
25-11-1980

மணவாளா,

அவசரம். காசியம்மாள் ஆள் விட்டிருந்தாள், போய் வந்தேன். பிள்ளை நடக்கிறான். மூன்று எட்டு வைத்து உட்காருகிறான், மறுபடி எழுந்து நாலு எட்டு. ஏணையைக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டார்கள். முடிச்சை மட்டும் பிரிக்கவில்லை. "நெய்தவரு வந்து பிரிக்கட்டும்னு வெச்சிருக்கேன்" என்றாள்.

முடிச்சுக்குள் வெயிலும் கையும் படாததால் மை கருகருவென்று இருக்கும். பேர் நிச்சயம் தெரியும். என் விரல் முடிச்சு வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டது. எப்போது வருகிறாய்?

முனியம்மாளிடம், "வேற பேர் இருந்திச்சின்னா என்னடி பண்ணுவ?" என்று கேட்டுப் பார்த்தேன். ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே, "இருந்தா அந்தக் கதைக்காரருதான் தப்பா எழுதியிருப்பாரு" என்கிறாள்.

வேலு


தேசூர்
1-12-1980

அன்பு வேலு,

முடிச்சைப் பிரிக்க வேண்டாம்.

சாவித்திரிக்கு மூன்று மாதம். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். காசியம்மாளிடம் நான் கேட்டதாகச் சொல்லி ஏணையை முடிச்சோடு வாங்கி வை. பட்டு பழுதாகியிருந்தால் நீ கை வைத்துச் சரி செய். ஆனி மாதம் எங்கள் வீட்டு மோட்டு வளையில் அது தொங்க வேண்டும். இந்தப் பிள்ளையும் அதில் தூங்கி எழுந்து நடக்கட்டும். அது நடக்கிற அன்றைக்கு எல்லோரும் உன் வீட்டுக்கு வந்து, உன் தறி பக்கத்திலேயே உட்கார்ந்து பிரிப்போம். அதுவரைக்கும் ஒருவர் இல்லாமல் ஒருவர் படிப்பதில்லை.

பிள்ளை பிறந்ததும் பேருக்கு என்ன செய்வாய் என்று கேட்பாய். தங்கச்சியைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு பேரும் அவளுக்கு ஞாபகம் வராமலா போகும்?

பொங்கலுக்கு வருகிறேன். வாசப்படியைக் கழுவி வை.

கீழே கோணல்மாணலாக இருப்பது உன் மருமகள் எழுதியது. நான் கையைப் பிடிக்கவில்லை, அவளாகவே எழுதினாள். தங்கச்சியிடம் காட்டு.

மணவாளன்

முனியம்மாள்
ஒன்றாம் வகுப்பு